யானையைக் காப்போரைக் காத்தல்

எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கர்யத்தினும் அவன் அடியார்க்குச் செய்யும் கைங்கர்யம் ஏற்றமுடையது. அடியார்க்கு அடியாரைப் பேணுதல் அதனினும் ஏற்றமுடையது என்பது ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் திருவுள்ளம்.

மடுவில் முதலை வாய்ப்பட்ட கஜேந்திரன் "ஆதிமூலமே" என்றழைத்தபோது, கருடன்மேல் விரைந்தெழுந்தருளி இடர் தீர்த்தான் பகவான். அன்று தானே செய்த ரக்ஷணத்தை இன்று பாகரின் கைவழியே நடத்துகிறான். ஆயினும், உத்ஸவத்தில் முன்செல்லும் யானையைக் கைகூப்பித் தொழுவோர் பலர். அதன் பக்கத்தே நடப்பவரை நினைப்போர் சிலர்.

விடியலில் நீராட்டுவதும், உள்ளங்காலில் புண்ணுண்டோ எனத் தடவிப் பார்ப்பதும், தீனி குறைந்தால் காரணம் ஆராய்வதும் பாகரின் நித்திய கர்மங்கள். அவர் பழகுவதோ பேருருவோடு. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானையால் பாகரும் அவர் உறவினரும் உயிர் நீத்தனர். யானையின் மனக்குறியை அறியும் கல்வி உயிர் காக்கும் கல்வியேயாம்.

நீலகிரியில் மாயாற்றங்கரையிலுள்ள தெப்பக்காடு முகாமில் பழங்குடி மக்கள் தந்தையிடமிருந்து மகனாக இவ்வித்தையைப் பயின்று வருகின்றனர். அங்கே தாயை இழந்த ரகு என்னும் குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த வரலாறு குறும்படமாகி 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதன்பின் தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் பாகர்களும் காவடிகளும் ஆகிய 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாயும், வீடுகள் கட்ட 9 கோடியே 10 லட்சம் ரூபாயும் வழங்கத் தமிழக அரசு அறிவித்தது. உலகம் புகழ்ந்த பின்னரே பாகரின் குடிசை கண்ணிற்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

பசித்தவனும் உறங்காதவனும் பொறுமையிழப்பான்; அவன் கையில் அங்குசம் கொடிதாகும். ஆகவே யானைக்குக் கரும்பும் பழமும் அளிக்கும் அன்பர்கள், பாகருக்கு முறையான பயிற்சியும், ஓய்வுநாளும், அந்நாளில் மாற்றாள் ஒருவரும், காப்புறுதியும், அவர்தம் மக்களுக்குக் கல்வியும் கிடைக்கத் துணைநிற்க வேண்டும். பசுமடத்தில் சாணமள்ளுவோர்க்கும் இது பொருந்தும். கோபாலனே கோலேந்தி மேய்த்தானன்றோ? அத்தொழிலைச் செய்வோர் எவ்வாறு தாழ்ந்தவராவர்!

யானை எம்பெருமானுக்கு அடியார். பாகர் அவ்வடியார்க்கு அடியார். அவரைப் பேணுவோர்க்கு, ஆனையின் துயர் தீர்த்த அண்ணல் அருள் புரிவானாக.