பொதுப்பொருளும் 'யான் கொடுத்தேன்' என்னும் செருக்கும்

பொதுப்பதவியில் இருப்பார் செய்யும் முறைகேடுகளைக் குறித்து மனம் வெதும்பிப் பேசாத குடிமகன் இந்நாளில் இலன். தாம்பரம் புகைவண்டி நிலையத்திலும், குரோம்பேட்டைக் கடைத்தெருவிலும், மாலைப் பூசைக்கு வந்தோர் அமர்ந்திருக்கும் கோயின் மண்டபத்திலுங்கூட இப்பேச்சே பேச்சாக உள்ளது. அப்பேச்சின் பொருள் பெரும்பாலும் கையூட்டும் களவுமே. அவை தீயன என்பதில் ஐயமின்று. அதனை நிறுவுதற்கு ஒரு கட்டுரையும் வேண்டா. யாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. பொதுப்பொருளைக் கவர்தல் ஒன்று. பிறர் செய்த கொடையையும் மக்களுக்கு இயல்பாக உரியதனையும் 'யான் கொடுத்தேன்' என்று தன்மேல் ஏற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டனுள் பெரிய குற்றம் யாது? பின்னதனைச் சிறுமை என்று உலகம் நகைத்துக் கழித்துவிடுகின்றது. அதுவே முன்னதற்கு வேர் என்பது எமது கருத்து.

எடுத்துக்காட்டினைத் தொலைவில் தேடவேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள் காலை தொடங்கி மறுநாட்காலை வரையுள்ள ஒரு நாளளவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றிற் கொள்ளாது பெருகி, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களையும் மூழ்குவித்தது. செம்பரம்பாக்கத்து நீர் திருநீர்மலையை அடுத்தே அடையாற்றிற் கலப்பதாகலின், அது வருத்தியது அதன்கீழ் உள்ள ஊர்களையே, முடிச்சூரை அன்று. இவ்வேறுபாட்டை அறியாது இன்றும் பலர் வழக்காடுகின்றனர். எவ்வாறாயினும், 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதர் செயலால் நேர்ந்த பேரிடர் வகையினதாகவே கண்டது. ஏரிக்கால்களும் நீர்பிடி நிலங்களும் வீட்டுமனைகளாகிவிட்டதனைக் கண்ணுடையார் எவரும் அறிவர். பள்ளிக்கரணைச் சதுப்பில் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டியது எக்கள்வருமல்லர், சென்னை மாநகராட்சியே.

'எல்லாம் அவரவர் வினை. வெள்ளமும் விதிவழி வந்தது' என்று இதற்கு அமைதி கூறுவாரும் உளர். அவர் நூலைப் பாதி கற்றவர். துய்ப்பானுக்கு அது பழவினைப் பயனாகலாம். அப்பயனைக் கூட்டுதற்குக் கருவியாய் நின்று வாய்க்காலை விற்றவனுக்கு அது புதிதாக ஏறும் ஆகாமியமே. ஒருவன் நுகரும் துன்பம் மற்றொருவன் செய்த தீமையைக் கழுவிவிடாது. இது நிற்க.

அந்நாட்களிலே தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பெயரறியாத மக்கள் அரிசியும், ரொட்டியும், போர்வையும், குடிநீரும் மூட்டை மூட்டையாக அனுப்பினர். மீனவர் தம் படகுகளைக் கொணர்ந்து தெருக்களிற் செலுத்தினர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் அடுப்பு மூட்டின. ஈந்தவர் யார், ஏற்றவர் யார் என்று வினாவுவாரில்லை. அவ்வேளையில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களின் படம் பொறித்த 'ஸ்டிக்கர்' என்னும் ஒட்டுத்தாளை அப்பொதிகளின்மேல் ஆளுங்கட்சியினர் சிலர் ஒட்டினர் என்றும், ஒட்டவிடாத தொண்டர்களைத் தடுத்தனர் என்றும் முறையீடுகள் பலவாக எழுந்தன; நாளிதழ்களும் அவற்றை வெளியிட்டன. அதனை முதல்வரே ஏவினார் என்று யாம் கூறோம். ஏவாமலே அது நிகழ்ந்ததாயின் அஃது இன்னும் ஆராயத்தக்கது. என்னை? ஏவலின்றி நிகழ்வது பழக்கமாகலின் என்க.

அவ்வொட்டுத்தாளால் எவரும் ஒரு காசும் பெற்றிலர். போர்வை போர்வையாகவே ஏழையின் கையிற் சேர்ந்தது. களவு யாதும் நிகழவில்லை. அங்ஙனமாயின் மக்கள் உள்ளம் கையூட்டினும் அதற்கு மிகுதியாகக் கொதித்தது ஏன்?

சித்தாந்த நூலார் செருக்கினை 'யான்' எனவும் 'எனது' எனவும் இரண்டாகப் பகுத்துரைப்பர். பிறர் பொருளைக் கவர்வானிடம் மிக்கு நிற்பது 'எனது' என்பது. அதற்குச் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, சிறையும் உண்டு. பிறர் செயலைக் கவர்வானிடம் மிக்கு நிற்பது 'யான்' என்பது. அதனைப் பிடிக்கும் காவலர் இலர். உடம்பும் கருவியும் உலகும் நுகர்ச்சியுமாகிய தனு கரண புவன போகங்கள் உயிர்க்கு இறைவன் கொடுத்தனவே, உயிரின் ஆக்கமல்ல. இரவலாகப் பெற்றதனை உயிர் தன்னதென்று மயங்குதற்கு ஆணவம் ஏது என்பது நாம் அறிந்ததே. பதவியும் அத்தகைய இரவலே. ஐந்தாண்டுக்கு ஒப்புவிக்கப்பட்ட திறவுகோலைக் கையிற்கொண்டவன், நாளடைவிற் பெட்டியையும் தனதாக எண்ணுகின்றான். முதலில் 'யான் கொடுக்கின்றேன்' என்கிறான். கொடுப்பவன் தானே ஆயினபின், கொடாது தன்னிடம் வைத்துக்கொள்ளுதலில் பிழை என்னை என்று அவனுக்குத் தோன்றாதொழியுமோ? களவு அந்நாளிலே தொடங்கவில்லை. 'கொடுத்தேன்' என்ற அன்றே தொடங்கிவிட்டது.

இதனினும் கொடிய விளைவு ஒன்றுண்டு. அது குடிமகன்பால் நிகழ்வது. எம் தெருவில் மழைநீர்க் கால்வாய் அமைத்த காலத்தில், அண்டைவீட்டு மூதாட்டியார் ஒருவர் அங்கே நாட்டியிருந்த பலகையின் படத்தை நோக்கிக் கைகூப்பி, 'இந்த மவராசன் போட்டுக் குடுத்தாரய்யா' என்றார். அவ்வம்மையார் வீட்டுவரியை ஓராண்டும் தவறவிடாதவர். தாம் கட்டிய பணத்தால் ஆகியதனைத் தமக்கு இட்ட பிச்சையாகக் கொண்டு நன்றி பாராட்டுகின்றார். நன்றி கூறுவாரிடத்திற் கணக்குக் கேட்கும் வாய் எங்ஙனம் தோன்றும்? அவர் தொழுத அக்கால்வாய் ஓர் ஆற்றிலோ ஏரியிலோ சென்று முடியவில்லை, தெருக்கோடியிலேயே நின்றுவிட்டது. அதனை எம்மிடம் முறையிட்டாரேயன்றிப் பலகைக்குரியவரிடம் வினாவ அவர் துணிந்திலர்.

இனித் தடையொன்று எழும். 'மன்னர்கள் தம் பெயரைக் கல்லிற் பொறிக்கவில்லையோ? கோயிற் சுவரெங்கும் கொடைக் கல்வெட்டன்றோ? இன்றைய பலகையை மட்டும் பழிப்பது நடுநிலையாகுமோ?' என்பர். நல்ல வினாவே. ஆயினும், கல்வெட்டினைப் படித்தவர் இதனைக் கூறார். ஒரு நொந்தா விளக்குக்கு இத்தனை ஆடு என்றால், ஆட்டின் தொகையும், அவற்றை ஏற்றுக்கொண்டவர் பெயரும், நாடோறும் அளக்கவேண்டும் நெய்யின் அளவும் அங்கே இருக்கும். அது விளம்பரமன்று, ஒப்பந்தம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டோ இவ்வகையில் ஒப்பற்றது. தான் கொடுத்தனவற்றை வேறாகவும், தன் தமக்கை கொடுத்தனவற்றை வேறாகவும், தேவியர் கொடுத்தனவற்றை வேறாகவும், பிறர் கொடுத்தனவற்றை வேறாகவும் கல்லில் வெட்டுக என்று அப்பேரரசன் பணித்தான். அனைத்தையும் தன் பெயரால் எழுதுவித்திருந்தால் அவனைத் தடுக்க வல்லார் அந்நாளில் எவர்? எளிய அதிகாரிகளும் பிறரும் தந்த செப்புத்திருமேனிகள் இன்றும் தந்தார் பெயராலேயே அச்சுவர்களில் விளங்குகின்றன. முடிச்சூருக்கு வந்த போர்வையின் மேல் ஒட்டிய தாளையும் இக்கல்லையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு யாம் மேலும் விரித்துரைக்கவேண்டுவதில்லை.

மற்றொரு தடை எமக்கே உரியது. அதனை மறைத்துச் செல்லுதல் அறமாகாது. 'உங்கள் வாதவூரர், குதிரை வாங்குதற்கென்று அரசன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டாரல்லரோ? அது பொதுப்பொருளைக் கையாண்டதன்றோ?' என்று புறத்தார் மட்டுமன்றி, எம்மிடம் பாடங்கேட்ட இளைஞரும் வினாவியதுண்டு. 'அடிகள் செய்தது எதுவாயினும் தகும்' என்று விடுத்தல் விடையாகாது. அரசநெறியின்படி அது குற்றமே. புராணமும் அதனைக் குற்றமன்றென்று மழுப்பவில்லை. பாண்டியன் பொருளைக் கேட்டான். அடிகள் வைகைச் சுடுமணலில் நின்றார். கேட்டது அரசன் கடமை. அடியவரை வருத்தியதே அவன் பிழை என்பது எம் துணிபு. ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், அடிகள் அப்பொருளில் தமக்கென ஒன்றும் கொண்டிலர். 'யான் கட்டிய கோயில்' என்று கூறிலர். பழியைக் கீழுள்ள அலுவலர்மேல் ஏற்றிலர். ஒறுப்புக்கு அஞ்சி வேற்றுநாடு புகுந்திலர். 'யான்' கெட்ட ஒருவர் செய்ததனை, 'யான்' ஒன்றே எஞ்சிய ஒருவர் தமக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

அவ்வரலாற்றின் பின்பகுதியையும் எண்ணுக. வைகை கரையுடைந்தது. அரசன் குடிகளுக்கெல்லாம் கரையைப் பங்கிட்டான். பிட்டு விற்கும் வந்திக்கும் ஒரு பங்கு உண்டாயிற்று. கிழவியென்று அவளை நீக்கினாரில்லை. கூலியாளாய் வந்த பெருமான் மண்சுமவாது ஆடியும் உறங்கியும் கிடக்க, அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் பட்டது, எல்லாருயிர் முதுகிலும் பட்டது. இதனை இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதற்குச் சான்றாகவே சொற்பொழிவாளர் கூறிச் செல்வர். உடைந்த கரைக்கு எல்லாரும் பங்காளர் என்பதும் அங்கே உண்டு.

யாம் ஒரு கட்சியைக் குறித்து எழுதுகின்றோம் என்று எவரும் கொள்ளற்க. 2013-இல் தொடங்கிய மலிவு உணவகங்களும் புட்டிக் குடிநீரும் அன்றைய முதல்வரைச் சுட்டும் 'அம்மா' என்னும் பெயரால் வழங்கின. 2025-இல் மற்றைக் கட்சியின் ஆட்சியிலே திட்டங்களுக்கு அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அவர்களின் பெயரே இடப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் சூலை இறுதியில் அதற்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2015 மே மாதத்தில், அரசு விளம்பரங்களில் குடியரசுத்தலைவர், பிரதமர், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோர் படம் தவிரப் பிறர் படம் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாநில அரசுகளும் மத்திய அரசும் முறையிட, 2016 மார்ச்சில் முதல்வர், அமைச்சர் முதலியோர் படத்திற்கும் இடந்தரப்பட்டது. நீதிமன்றத்தாற் களையத்தக்க நோயன்று இது என்பதே இவற்றாற் பெறப்படுவது. பேருந்து நிழற்குடை ஒவ்வொன்றிலும், தொகுதி நிதியிலிருந்து அமைத்த உறுப்பினர் பெயர் அடுத்த ஊரிலிருந்தே படிக்கத்தக்க எழுத்தில் உள்ளது. அந்நிதி எவர் தந்த வரி என்பதற்கு அங்கே எழுத்தில்லை.

குடிமக்களாகிய நாமும் இதற்குப் புறம்பல்லேம். 2016 தேர்தலில், வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமையால் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் என்னும் இரு தொகுதிகளின் வாக்குப்பதிவையே தேர்தல் ஆணையம் நீக்கவேண்டியதாயிற்று. வாங்கியவர் மக்களே. அவ்வாண்டு அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலும் வழக்கால் நின்று, நகர்ப்புறங்களில் 2022 பெப்ருவரி 19-ஆம் நாள்வரை நடைபெறவில்லை. ஐந்தாண்டிற்கு மேலாகத் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பம்மலிலும் மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவரும் இலர். தனி அலுவலரே ஆண்டனர். சட்டமன்றத் தேர்தல் ஓராண்டு தள்ளியிருந்தால் எழுந்திருக்கும் கூக்குரலில் நூற்றிலொரு பங்கும் அப்போது எழவில்லை. ஏரியும் கால்வாயும் குப்பையும் எவர் பொறுப்பிலுள்ளனவோ அவ்வவை இல்லாதிருந்தும் நாம் பொறுத்தோம்.

தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டுக்கும் அப்பால் உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தகசோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலை முறையைப் புகழ்வார் அனைவரும் இவற்றைச் சுட்டுவர். ஆயின், குடத்தில் ஓலையிடும் செய்தியோடு நின்றுவிடுவர். எமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது, எவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்னும் விலக்கே. முன்பு வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனோடு அவன் நெருங்கிய உறவினரும் முறை முறையாக எண்ணி விலக்கப்பட்டனர். பிறர் பொருள் கவர்ந்தவனும் அவ்வாறே. அடுத்தடுத்து அமர்தலைத் தடுக்க, மூன்றாண்டு இடையீடும் வகுத்தனர். ஆட்டைவாரியத்திற்குப் பன்னிருவர், தோட்டவாரியத்திற்குப் பன்னிருவர், ஏரிவாரியத்திற்கு அறுவர். நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. அக்குறுக்கத்தை யாம் இன்று வேண்டேம். ஆனால் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததும், கணக்குக் காட்டாதவன் மகனுக்கும் அங்கே இடமில்லாதிருந்ததும் எண்ணுதற்குரியன.

தாம்பரம் மாநகராட்சி 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் கூட்டி அமைக்கப்பெற்றது. 70 வட்டங்கள் உடையது. 2022 நவம்பர் முதல் நாள், நகரங்களில் பகுதிச்சபைக் கூட்டங்கள் கூடியபோது, இம்மாநகராட்சியைச் சார்ந்த பம்மலில் முதலமைச்சரே வந்தமர்ந்து மக்கள் குறைகளைக் கேட்டார். அது நன்று. அத்தகைய சபையில் நாம் எழுந்து கூறுவன பெரும்பாலும் வேண்டுகோள்களாகவே உள்ளன: விளக்கு வேண்டும், சாலை வேண்டும், கால்வாய் வேண்டும் என்பன. எம் பகுதியில் அடுத்த கூட்டம் கூடும்போது யாம் ஒன்றும் வேண்டுவதாக இல்லை. தெருக்கோடியில் நின்றுபோன அக்கால்வாய்க்குச் செலவான தொகை எவ்வளவு, அஃது எந்த நீர்நிலையிற் சென்று சேர வகுக்கப்பட்டது, அளந்து ஒப்பமிட்டவர் எவர் என்னும் மூன்றினையே எழுதிக்கொண்டு செல்ல இருக்கின்றோம். பலகையைத் தொழுத அம்மையாரும் உடன் வருவதாகக் கூறியுள்ளார்.