ஒழிந்திருக்கும் தோள்



விரைவே பெருமை என்று உலகம் பேசும் இந்நாளில், நடந்தும் கலமேறியும் மெல்லச் சென்ற நம் முன்னோரின் பயணங்களைச் சற்றே சிந்திப்போமாக.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரை நீங்கி மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாய் வந்தவர் நம் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். அவர் எடுத்துச் சென்றவை பிச்சைப் பாத்திரம், தோளில் தொங்கும் உறி, கையில் மயிற்பீலி, இவ்வளவே. நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை. காவிரியை ஓடத்திலும் வையையை மரப்புணையிலும் கடந்தனர். இடையில் மூன்று வழிகள் பிரியும் கொடும்பை என்னும் ஊர், புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கொடும்பாளூரே என்பர் அறிஞர். அது நம் காரைக்குடிக்கு வடமேற்கே உள்ளது. நம் முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகளையுடைய சித்தன்னவாசல் மலையும் அப்பக்கத்ததே.

அடிகள் புறப்படும்போதே ஓர் எச்சரிக்கை செய்தார். நீர்க்கரை வழியே நடக்கையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடக்கூடும். அத்துன்பம் பொறுக்கத்தக்கதன்று என்றார். அடி பார்த்து நடத்தலை ஈரியா சமிதி என்று நம் ஆகமம் கூறும். விரைந்து ஓடுபவனுக்கு இந்நோன்பு கைகூடுமா? இன்றும் நம் முனிவர்கள் ஊர்தி ஏறாது நடந்தே செல்வதும், மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குவதும் இதன்பொருட்டே.

செட்டிநாட்டு நகரத்தார் பெருமக்களும் நெடுவழி நடந்தவர்களே. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடி சுமந்து நடக்கும் தைப்பூச யாத்திரை இன்றும் நடைபெறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பலேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் கொண்டுவிற்கச் சென்றார்கள். பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. பர்மாத் தேக்கு இங்கே மாளிகைத் தூணாயிற்று.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் தாயகம் நோக்கி நடந்தார்கள். காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர்.

ஆசிரியப் பயிற்சி முடித்துக் காரைக்குடியில் பணியேற்ற புதிதில், அவ்வழியே நடந்து வந்த முதியவர் ஒருவர் நம் தெருவில் இருந்தார். வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அது குறித்து ஒருநாள் கேட்டோம்.

"இரங்கூன் கடை இரும்புப் பெட்டிச் சாவி, டீச்சரம்மா. மலை ஏற ஏறப் பித்தளைப் பாத்திரத்தைப் போட்டேன். பிறகு துணிமூட்டையைப் போட்டேன். இதை மட்டும் விட மனம் வரவில்லை. ஆனால் என்னை வருத்துவது இதுவல்ல. கூட வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். தோளைக் கொடு என்றார். தோளில் மூட்டை இருந்தது. மறுநாள் மூட்டையை இறக்கினேன். அப்போது அவர் இல்லை."

அன்பர்களே, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நாம் பல ஆண்டுகள் மாணவர்க்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தோம். அதன் பொருளை அன்றுதான் அறிந்தோம். பொருள் மிகுந்தால் பிறர்க்குக் கொடுக்கத் தோள் இராது. கவுந்தியடிகளின் தோளில் ஓர் உறியே இருந்தது. ஆதலால் கண்ணகிக்குத் துணையாக முடிந்தது.

அறிந்தும் பயன் என்ன? சில ஆண்டுகளுக்கு முன் மேல்சித்தாமூருக்குப் பேருந்தில் சென்றோம். இறங்கும்போது நம் இரு கைகளிலும் பைகள். படியில் தடுமாறிய மூதாட்டிக்கு நீட்ட ஒரு கையும் இல்லை. யாரோ ஓர் இளைஞர் தாங்கிக்கொண்டார். முதியவரின் சாவிக்கொத்து அப்போது நம் நினைவில் ஒலித்தது.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இத்திசையில் இவ்வளவு தொலைவே செல்வேன் என எல்லை வகுத்துக்கொள்வது அது. அதனுடன் சுமைக்கும் ஓர் எல்லை வகுப்போம். அடுத்த யாத்திரைக்கு ஒரு பை குறைத்துப் புறப்படுவோம். நடந்து செல்லக்கூடிய ஆலயத்திற்கு அடி பார்த்து நடந்தே செல்வோம். ஒரு தோளேனும் ஒழிந்திருக்கட்டும். வழியில் அதனை வேண்டுபவர் ஒருவர் வருவார்.

அறம் வளர்க!