விற்றுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா?



தெருவில் ஆக்கர் வண்டி வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பரணில் கிடந்த பழைய டிவி, ஓடாத மிக்ஸி, வளைகுடாவிலிருந்து ஒரு காலத்தில் ஆசையோடு கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், வயரிங் மாற்றியபோது கழற்றிய ஒயர் எல்லாம் வாசலுக்கு வருகின்றன. கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டித் தரச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். காசு கைக்கு வந்ததும் பொருளை மறந்துவிடுகிறோம். அப்படி மறக்க நமக்கு உரிமை உண்டா?

"விற்றது விற்றதுதான், அது இனி அவன் பொருள்" என்று சொல்லலாம். இதே போன்ற ஒரு கேள்வியை ஃபிக்ஹ் அறிஞர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். திராட்சை ஹலால், அதை விற்பதும் ஹலால். வாங்குகிறவன் அதில் மது தயாரிப்பான் என்று தெரிந்தே விற்றால்? வியாபாரம் கூடும், பாவம் மது செய்கிறவனைச் சேரும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில், உறுதியாகத் தெரிந்தால் ஹராம். சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். ஆக, விற்கும்போது நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒயரை மதுவோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிட வேண்டாம், என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். செம்பு எடுப்பதற்காக ஒயரை எரிக்கும்போது, மேலுறையிலிருந்து டயாக்சின் என்ற நஞ்சு புகையோடு கிளம்புகிறது. பழைய டிவியின் பிக்சர் டியூபில் ஈயம் இருக்கிறது, டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. அதை உடைப்பவர் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத கூலித் தொழிலாளி. யாருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்று இப்னு மாஜாவில் வரும் நபிமொழி, அந்தப் புகை போய்ச் சேரும் வீட்டுக்கும் பொருந்தும்.

ஆக்கர் கடைக்காரரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்பதுதான் தடை என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. நாம் தூக்கி எறிந்ததில் பயனைத் தேடி எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் அந்த வழியில் நம்மைவிட முன்னால் நிற்கிறார். பேரம் பேசுகிற நேரத்தில் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஒயர எரிப்பீங்களா, உரிப்பீங்களா?" உரித்த செம்புக்குத்தான் விலை அதிகம் என்பது அவருக்கும் தெரியும். உரிப்பவருக்குப் பத்து ரூபாய் குறைத்தே கொடுங்கள்.

டிவி, ஃபிரிட்ஜ், பழைய போன் போன்றவற்றுக்கு வேறு வழியும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பு நிறுவனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்கள் வழியாக இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா, எங்கே அனுப்புவீர்கள் என்று கடையில் கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வீடு இடிக்கும்போதும் இதே கேள்வி வருகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்து வளர்ந்த தக்கலைக்காரர்களுக்கு, நல்ல மரம் எத்தனை தலைமுறை நிற்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உத்திரம், கதவு, ஓடு எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறார்கள். மிச்சமாகிற கல்லும் காரையும்தான் ராத்திரியில் கால்வாய்க் கரைக்கும் குளத்தோரத்துக்கும் போகின்றன. அவை வீட்டுக்காரரின் பொறுப்பு, வடிகாலை அடைக்கக் கூடாது என்று 2016-இன் கட்டடக் கழிவு விதிகளே சொல்லியிருந்தன. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், லாரி வாடகை மிச்சம் என்று தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். "லாரிக்காரன்தான் கொட்டினான், எனக்குத் தெரியாது" என்பவர் கொட்டும் இடத்தை முன்பே கேட்டாரா?

இன்னொன்று. ஓடாத கம்ப்யூட்டரையும் தண்ணீர் ஒழுகும் வாஷிங் மெஷினையும் ஸதகா என்று மத்ரஸாவில் இறக்கிவிட்டுப் போகிறோம். நமக்கே தந்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைத் தர்மமாகக் கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. ஆக்கர் கடைக்குக் கொண்டுபோகும் வேலையை உஸ்தாத் தலையில் கட்டுவது ஸதகா ஆகாது. பழுது பார்த்து, ஓட விட்டுப் பார்த்து, பிறகு கொண்டுவாருங்கள்.