இரண்டு தேர்கள்

தமிழ் இலக்கியத்தை எண்ணும்போதெல்லாம் இரண்டு தேர்கள் என் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஒன்று, படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பறம்பு மலைத் தலைவன் பாரி ஈந்த தேர். சிறுபாணாற்றுப்படை அவ்வீகையைப் போற்றிப் பேசுகிறது. மற்றொன்று, திருவாரூர் வீதியில் பசுங்கன்றின்மேல் ஏறிய சோழ இளவரசனின் தேர். கன்றை இழந்த தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகன் என்றும் பாராமல் முறை செய்தான் என்று பெரியபுராணம் விரித்துரைக்கிறது. முன்னது அருளுக்கு அடையாளம். பின்னது முறைக்கு அடையாளம். முப்பது ஆண்டுகளாக இவ்விரண்டையும் மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். ஆயினும், இவ்விரு தேர்களும் ஒரே வீதியில் எதிரெதிரே வந்தால் எதற்கு வழிவிடுவது என்னும் வினா என்னுள் எழுந்ததில்லை. அதனை எழுப்பியது ஏடு அன்று. சிங்கப்பூரில் என் பழைய மாணவர் ஒருவர் வாங்கிய கார்.

நான் ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியன். என்னிடம் பயின்று பொறியாளரான அம்மாணவர், வேலை அனுமதி பெற்றுக் குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியேறினார். அவருடைய தாயாருக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை. சிகிச்சை முடிந்து தளர்ந்து வரும் தாயைப் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்தி வைக்க மனம் பொறாமல், மூன்றாண்டு ஆயுள் மட்டுமே எஞ்சிய பழைய கார் ஒன்றை அவர் வாங்கினார்.

காருக்கு ஆயுளா என்று அயலூர் வாசகர் வியக்கலாம். சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. காரின் விலை ஒருபுறமிருக்க, அதனைச் சாலையில் ஓட்டும் உரிமைக்கே ஏலத்தில் விலை கேட்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் எனப்படும் அவ்வுரிமை பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதன்பின் மீண்டும் பணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை 150,000 வெள்ளியைத் தாண்டியது. நகர மையத்துள் நுழையக் கட்டணம் வாங்கும் முறையோ 1975ஆம் ஆண்டிலேயே தொடங்கி, 1998இல் மின்னியல் முறையாயிற்று. சிறிய தீவு, அதன் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டுள்ளன. இனியும் இடமில்லை என்று கருதியே 2018ஆம் ஆண்டு முதல் கார்களின் வளர்ச்சி விகிதத்தைச் சுழியமாக்கினர்.

ஆகவே அங்கே கார் வைத்திருப்பவர் உண்மையில் எதற்கு உரிமையாளர்? இரும்பும் இரப்பர்ச் சக்கரமும் அவருடையவை. சாலையில் ஓர் இடம் என்பதோ ஊரார் அனைவருக்கும் பொதுவானது. அதனை அவர் தவணைக்குப் பெற்றிருக்கிறார். அயல்நாட்டிலிருந்து வந்து பணிபுரிவோரின் நிலையும் இத்தகையதே அன்றோ? அவர்தம் வாழிடமும் ஒரு தவணையைக் கொண்ட அட்டையில்தான் நிற்கிறது.

காரை வாங்கிய மாணவர் ஒன்றை மறந்துவிட்டார். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு அங்குத் தங்கியிருப்போர் பன்னிரண்டு மாதங்களே வாகனம் ஓட்டலாம். அதற்குமேல் ஓட்ட விரும்புவோர் சாலை விதிகளைப் பற்றிய அடிப்படைத் தேர்வெழுதித் தேறி, உள்ளூர் உரிமம் பெற வேண்டும். வேலையின் நெருக்கடியில் மாதங்கள் ஓடின. பதின்மூன்றாம் மாதம் விழித்துக்கொண்டபோது, தேர்வுக்கு ஆறு வாரம் கழித்தே நாள் கிடைத்தது. கார் வாசலில் நின்றது. தாய் வீட்டினுள் படுத்திருந்தார். ஓட்டத் தெரிந்த மகன் ஓட்டக் கூடாதவராய் நடுவில் நின்றார்.

அப்போது அவர் என்னைத் தேடி வந்தார். "ஐயா, உங்களிடம் படித்தவர் ஒருவர் அரசாங்க அலுவலகத்தில் பணியில் இருக்கிறாராமே! நீங்கள் ஒரு சொல் சொன்னால் என் தேர்வு நாளை முன்னே தள்ளித் தரமாட்டாரா? அம்மாவுக்காகத்தானே கேட்கிறேன்" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. தாய் என்னும் சொல் என் நாவைக் கட்டிவிட்டது. அடுத்த ஞாயிறன்று தேக்காவில் ஒரு தேநீர்க் கடையில் அந்த அலுவலரைச் சந்தித்தோம். எதிரே பஃபலோ சாலை. அதற்கப்பால் கெர்பாவ் சாலை. எருமை என்னும் ஒரே பொருளை ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லும் அப்பெயர்கள், முற்காலத்தில் அவ்வட்டாரத்தில் நிகழ்ந்த மாட்டு வணிகத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. கன்றை இழந்த பசுவின் கதை எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது வியப்பன்று.

அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, அந்தத் துறை என்னுடையதன்று. என்னுடையதாக இருந்தாலும் செய்யமாட்டேன். இவரை நான் முன்னே தள்ளினால், முகமறியாத ஒருவர் பின்னே தள்ளப்படுவார். அவருக்கும் ஒரு தாய் இருக்கலாம்" என்றார். என் முகம் சிறுத்தது. ஆனால் அவர் அத்தோடு எழுந்து போகவில்லை. என் மாணவரின் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு எந்தெந்த நாளில் சிகிச்சை? சனிக்கிழமைகளில் என் காரில் நானே அழைத்துச் செல்கிறேன். மற்ற நாள்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா?" என்று கேட்டார். சொன்னபடியே ஆறு சனிக்கிழமைகள் வந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், உதவி ஆசிரியனாக இருந்தபோது, ஓர் உதவித்தொகைக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெயரைப் பரிந்துரைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நண்பர் ஒருவர் தம் மகனுக்காகக் கேட்டார். அவனும் ஏழைதான், நன்றாகப் படிப்பவன்தான். அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, இரக்கமுள்ளவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவனைவிடத் தகுதியுடைய தோட்டத்துச் சிறுமி ஒருத்திக்காகக் கேட்க ஆள் இல்லை. மறு ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை. அன்று நான் காட்டியது இரக்கம் அன்று என்பதை உணர எனக்கு அந்தத் தேநீர்க் கடை தேவைப்பட்டது. பாரி ஈந்தது தன் தேரை. நான் ஈந்ததோ அச்சிறுமியின் தேரை. பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பதற்கு ஈகை என்று பெயரில்லை.

அருளும் முறையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணியிருந்தேன். அவை தத்தம் எல்லையில் நின்றால் பகையில்லை. பொறுப்பில் அமர்ந்தவர் பொதுவுடைமையைப் பங்கிடும்போது முறை வேண்டும். அவரே எழுந்து வீதிக்கு வந்து தம் உடைமையையும் நேரத்தையும் எண்ணும்போது அருள் வேண்டும். சலுகை என்பது இவ்வெல்லையை மறைக்கிறது. அதற்குரிய நன்றி கொடுத்தவருக்குப் போகிறது. அதற்குரிய இழப்போ பெயரறியாத ஒருவர்மீது விழுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முறையே நடுநிலையற்றதாயின் என் செய்வது? ஏலத்தில் எல்லார்க்கும் ஒரே விதிதான். ஆயினும் எல்லார் கையிலும் ஒரே அளவு பணம் இல்லையே! செல்வர் இரண்டாவது காருக்குக் கொடுக்கும் விலையை, நோயுற்ற தாயை உடையவர் முதல் காருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே! இவ்வினா நியாயமானது. இதனை நான் மழுப்ப விரும்பவில்லை. ஒரே விதி என்பது நீதியின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆனால் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டியிருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. விதி பிழையாயின் அம்மணியைப் பலரறிய அடித்து விதியையே மாற்றக் கேட்க வேண்டும்; பின்வாயில் வழியே நுழைந்து தமக்கு மட்டும் விலக்குப் பெறுதல் தகாது. திருத்தம் எல்லார்க்கும் பயன்படும். விலக்கு ஒருவர்க்கே பயன்படும்.

வாக்குரிமையற்ற அயலாரின் கைக்கு அம்மணி எளிதில் எட்டுவதில்லை என்பதும் உண்மை. எனினும், அறிமுகத்தால் காரியம் நடக்கும் ஊரில் முதலில் தோற்பவர் யார்? ஆளறியாத அயலாரே. முகம் பாராத விதி சில வேளை அவரை வருத்தினாலும், அவருக்குப் பெருங்காவலும் அதுவே. என் மாணவர் இதனை நெடுநாள் ஒப்பவில்லை. தேர்வெழுதித் தேறிய பின்னரும் அவர் மனத்தில் அந்த ஆறு வாரங்களின் கசப்பு இருந்தது. அதனைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை.

ஆசிரியராகிய நம் மேசைகளுக்கும் நாள்தோறும் இத்தகைய வேண்டுகோள்கள் வருகின்றன. ஒரு மதிப்பெண், ஓரிடம், ஒரு சான்றிதழ் என அவை சிறியனவாகவே தோன்றும். கேட்பவரின் கண்ணீரும் பெரும்பாலும் உண்மையானதே. கொடுக்குமுன், இது என்னுடைய தேர்தானா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னுடையதாயின் தயங்காமல் இறங்கிவிடலாம். இல்லையாயின், கைவிரித்துவிட்டுப் போகாமல், சனிக்கிழமை எனக்கு ஓய்வு உண்டு என்று சொல்ல முடியுமா என்று பார்க்கலாம்.