கணக்கும் காத்திருப்பும்

திட்டமிட்டு உழைத்தவனுக்குப் பயன் கிட்டியே தீரவேண்டுமா? கிட்டாதபோது அவ்வுழைப்பு வீண்தானா? தொன்றுதொட்டு மனிதனை வருத்திவரும் இவ்வினாவிற்கு, தீவுக் கடற்கரையில் நிலவெழுச்சியை எதிர்நோக்கி நிற்கும் நிழற்படக் கலைஞனின் பணியில் நல்லதொரு விளக்கம் கிடைக்கிறது.

தீபகற்ப மலேசியாவின் கிழக்கே உள்ள தியோமான், ரெடாங் போன்ற தீவுகளுக்குச் செல்லும் கலைஞன் முதலில் காலத்தை ஆராய்கிறான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்குமாதலின் அம்மாதங்களை விலக்குகிறான். அடுத்து நிலவின் நாளைக் கணிக்கிறான். முழுநிலவன்று கதிரவன் மறையும் வேளையை ஒட்டி நிலவு எழும். பின்னர் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். ஆயினும் முழுநிலவிற்கு முந்திய மாலையையே அவன் பெரிதும் விரும்புவான். அன்று நிலவு எழும்போது, மறையும் கதிரவனின் ஒளி பாறைகளின்மீது எஞ்சியிருக்கும். திசையும் மாதத்திற்கு மாதம் மாறும். ஜூனில் கதிரவன் நேர்கிழக்கிற்கு வடக்கே தோன்ற, முழுநிலவோ தெற்கே ஒதுங்கி எழும். நிலநடுக்கோட்டை அண்டிய பகுதியில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தியொளியும் விரைவில் மங்கிவிடும். ஆதலின் முன்னரே இடந்தேர்ந்து முக்காலியை நிறுத்தியாக வேண்டும்.

இவையெல்லாம் கணக்கிற்கு அடங்குவன. மேகம் அடங்குவதில்லை. பகல் வெப்பத்தில் ஈரக்காற்று மேலெழுந்து, மலைமுகட்டில் முகிலாகத் திரள்கிறது. மழை வாய்ப்பை வானிலை அறிக்கை கூறலாம். குறித்த நொடியில் ஒரு மேகத்துண்டு நிலவை மறைக்குமா என்பதை எவரும் கூறவியலாது. பல மாதத் திட்டம் அந்த ஒரு துண்டில் கலைந்துபோகும்.

திட்டமிடாமலே வாய்த்த படமும் உண்டு. 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிற்றூராகிய ஹெர்னாண்டஸ் வழியே காரில் சென்ற ஆன்சல் ஆடம்ஸ், எதிர்பாராது நிலவெழுச்சியைக் கண்டார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை நினைவிலிருந்தே கொண்டு ஒரு படம் எடுத்தார்; அடுத்ததற்குள் கல்லறைச் சிலுவைகளின்மீது விழுந்த ஒளி மறைந்துவிட்டது. அப்படம் உலகப் புகழ் பெற்றது. காட்சி தற்செயலாக வாய்த்ததே; ஆனால் அதனை ஏற்கும் தகுதியைப் பல்லாண்டுப் பயிற்சி அளித்திருந்தது.

ஈண்டே அறவினா பிறக்கிறது. இன்று கணினியின் துணைகொண்டு, எழாத நிலவை வானில் ஒட்டுதல் எளிது. ஓவியன் தான் விரும்பிய இடத்தில் நிலவைத் தீட்டலாம். அதனைக் கண்ணால் கண்டதாக அவன் சாற்றுவதில்லை. ஒட்டிய நிலவைக் கண்ட நிலவென்று காட்டுபவனோ, தன் உழைப்பிற்கு இயற்கை கடன்பட்டுள்ளதாகக் கருதி, அது தராததைத் தானே பறித்துக்கொள்கிறான்.

ஊழுக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் வகுத்தார். இரண்டையும் ஒருங்கே ஏற்பதே அறிவுடைமை. திட்டம் பயனுக்கு உரிமை தாராது. பயன் வரும் வேளையில் அவ்விடத்தே விழிப்புடன் நிற்கும் தகுதியைத் தரும். மேகம் மூடிய மாலையில் வெறுங்கையோடு திரும்பி, அடுத்த நிலவிற்கு நாள் குறிப்பவன் தோற்றவனல்லன். அவன் தன் கடமையை முடித்தவன், வாய்மையையும் காத்தவன்.