கூரையைப் பிரித்த நாலு பேர்

வேத பாகம்: மாற்கு 2:1-12

 

நம்ம ஊரில் ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் அது கல்லறைக்குத்தான். கப்பர்நகூமிலோ நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனை ஜீவாதிபதியினிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் கூட்டம். அவர்கள் திரும்பிப் போகவில்லை, கூரையையே பிரித்தார்கள். தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும் ஆண்டவர் கண்டார்.

பிரியமானவர்களே, பனைமரத்திலிருந்து விழுந்து, பைக் விபத்தில் அடிபட்டு, முதுகுத்தண்டு முறிந்து கிடக்கிற சகோதரனிடம் நாம் என்ன சொல்கிறோம்? "விசுவாசம் பத்தலே, அதான் எழும்பலே" என்கிறோம். ஐயோ! குற்றஞ்சாட்டுவது சத்துருவின் வேலை. தூக்கிச் சுமப்பதே சபையின் வேலை.

"நட" என்று மூளை இடும் கட்டளை, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தின் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. தண்டுவடம் நசுங்கினால் அந்தப் பாதை அறுந்துபோகும். முறிந்த எலும்பு கூடுவதுபோல அது தானாகக் கூடாது.

ஆனாலும் தேவன் மனுஷனுக்கு ஞானத்தைத் தந்திருக்கிறார். சுவிட்சர்லாந்தின் லோசான் பட்டணத்து ஆராய்ச்சியாளர்கள், 2011-ல் சைக்கிள் விபத்தில் செயலிழந்த நெதர்லாந்து மனிதர் ஒருவருக்குச் செய்ததை 2023-ல் வெளியிட்டார்கள். மூளையின் எண்ணத்தை ஒரு கருவி வாசிக்கிறது. காயத்துக்குக் கீழே தண்டுவடத்தில் வைத்த மற்றொரு கருவி மின்தூண்டலால் காலை அசைக்கிறது. அவர் ஊன்றுகோலோடு நடந்தார், படியும் ஏறினார். ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கிய நரம்பு செல்களை 4 பேருக்குச் செலுத்தி, 2025-ல் பலனை அறிவித்தார்கள். ஒருவர் தாமாக நின்றார், இன்னொருவருக்குக் கைகால் ஓரளவு அசைந்தது, மற்ற இருவருக்குப் பெரிய மாற்றமில்லை. இவையெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். ஆகையால் "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நிச்சயம் நடப்பீர்கள்" என்று லட்சக்கணக்கில் கேட்பவனை நம்பி வீட்டை அடமானம் வைக்காதிருங்கள். ஜெபித்தாயிற்று என்று மருந்தையும் பயிற்சியையும் நிறுத்தாதிருங்கள்.

அப்படியானால் நடக்காதவனுக்கு ஜீவியம் இல்லையா? வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1954-ல் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் செயலற்றுப்போயின. அந்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தண்டுவடம் அடிபட்டோருக்கு வேலூரில் வழி திறந்தார்கள். 1986-ல் மரிக்கும் வரை அவர்கள் கால்கள் நடக்கவில்லை. கர்த்தர் அவர்களைக் கைவிட்டாரா? இல்லவே இல்லை! அவர்கள் கைகளினாலே எத்தனை பேர் எழும்பினார்கள்!

தேவ ஜனமே, நாம் பிரிக்கவேண்டிய கூரை எது? சபை வாசற்படியில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போடுவோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்து உயிருக்கே ஆபத்தாகும். இரவும் பகலும் தனியே அதைச் செய்து ஓய்ந்துபோன மனைவிக்கு, தாய்க்கு, முறைபோட்டு உதவுவோம். யாராவது விழுந்து அடிபட்டால் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதபடி வைத்து 108-ஐ அழைப்போம்.

அற்புதம் செய்கிற தேவனை விசுவாசிக்கிறோம், சுகத்துக்காக இன்னும் உபவாசித்து ஜெபிப்போம். ஆனால் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே ஜெபிப்போம். நாலு பேர் தேவை. அதில் ஒருவராக நீங்கள் வருவீர்களா? கர்த்தர் தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!