ருசியும் மதிப்பெண்ணும்

ஜப்பானிய அனிமே படங்களையும் மங்கா சித்திரக்கதைகளையும் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். படித்துவிட்டு நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'பத்துக்கு எவ்வளவு?' என்பது. ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதினால் இவர்களே அப்படிக் கேட்கமாட்டார்கள். சித்திரங்களுக்கு மட்டும் எப்படியோ இந்தப் பள்ளிக்கூட வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மதிப்பெண் போடுவதில்லை என்பது என் பிடிவாதம். அது வெறும் பிடிவாதம்தானா, அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் என் ருசியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நிதானம் பிடிக்கும். ஒருத்தி அரிசி களைவதையும் கதவை இழுத்துச் சாத்துவதையும் அவசரமில்லாமல் வரைந்து காட்டினால் வசப்பட்டுவிடுவேன். பந்தயம், பந்தயத்துக்குள் இன்னொரு பந்தயம், தோற்றவன் பக்கம் பக்கமாக வீறிட்டு எழுந்து மறுபடி அடிப்பது, இவையெல்லாம் அலுப்பூட்டுகின்றன. அழவேண்டிய இடத்தில் வாத்தியங்களை உச்சத்துக்குக் கொண்டுபோகும் படத்தின்மேல் உடனே சந்தேகம் வருகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக இவற்றை அடைகிறவன் ஆகையால், வசனத்தைவிடக் கோடும் காலமும்தான் என்னிடம் முதலில் பேசுகின்றன. வளர்ந்த வீடு, படித்த புத்தகங்கள், நரம்புகளின் சுபாவம் எல்லாம் சேர்ந்து ஏற்படுத்திய விருப்பு வெறுப்புகள் இவை. இவற்றுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறைக்கக் கூடாது.

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் இரண்டு படங்கள் ஒரே சீட்டுக்கு இணைத்துத் திரையிடப்பட்டன. ஹயாவோ மியாசாகியின் 'என் அண்டைவீட்டு டோடோரோ' ஒன்று. இஸாவோ தகாஹதாவின் 'மின்மினிகளின் கல்லறை' மற்றொன்று. இரண்டும் ஜிப்லி கலைக்கூடத்தில் உருவானவை. முதல் படத்தில் இரண்டு சிறுமிகள் மழையில், பஸ் நிறுத்தத்தில், அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பிராணி வந்து நிற்கிறது. குடைமேல் சொட்டு விழுகிறது. அந்த இடத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இரண்டாவது படத்தில் போர்க்காலத்துக் கோபே நகர். அண்ணனும் தங்கையும் பட்டினியில் தேய்கிறார்கள். சாவதற்குச் சற்றுமுன் அந்தக் குழந்தை மண்ணை உருட்டி, சோறு என்று அண்ணனுக்குக் கொடுக்கிறாள். அதை ஒருமுறை பார்த்தேன். மறுபடி பார்க்கும் எண்ணம் இல்லை.

இப்போது மதிப்பெண் போடுங்கள். 'திரும்பப் பார்க்க ஆசை' என்பது அளவுகோலானால் டோடோரோவுக்குப் பத்து, மின்மினிகளுக்குப் பூஜ்யம். 'என்னை எவ்வளவு தூரம் குலைத்தது' என்பது அளவுகோலானால் கணக்கு தலைகீழாகும். இரண்டையும் எப்படியோ கலந்து ஏழரை என்று எழுதினால், அது எந்த அனுபவத்தின் எண்? நான் வேலை பார்க்கும் வங்கியில் ஓர் எண்ணுக்கு ஒரே பொருள்தான். எழுநூறு ரூபாய் எனக்கும் எதிரே நிற்பவருக்கும் எழுநூறு. விமர்சகனின் ஏழரைக்கு அந்த நாணயம் கிடையாது. இருப்பதுபோல் ஒரு பாவனை மட்டும் உண்டு.

விஷயம் இதோடு நிற்பதில்லை. மின்மினிகளின் மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நோஸாகா, 1945இல் தன் சின்னத் தங்கையைப் பட்டினிக்குக் கொடுத்தவர். அந்தக் குற்ற உணர்விலிருந்து எழுதினார். தகாஹதா ஒன்பது வயதில் ஒகாயாமா நகரின் குண்டுவீச்சில் தப்பியவர். எல்லோரும் போர் எதிர்ப்புப் படம் என்று கொண்டாடியபோது, அது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று அவரே மறுத்தார். உலகை விலக்கிவிட்டுத் தாங்களிருவர் மட்டும் வாழ நினைத்த பிள்ளைகளின் தோல்வி அது என்பது அவர் பார்வை. இப்படி ஒரு படைப்பின் எதிரில் எண்ணோடு நிற்பவன் பரீட்சைத்தாள் திருத்துகிறவனாகிவிடுகிறான். தன்னிடமும் அந்தப் படம் ஏதோ கேட்கிறது என்பது அவனுக்கு மறந்துபோகிறது.

எண் போடுவதை ஒரு தொழிலாகவே நடத்தியது 'ஷோனென் ஜம்ப்' வார இதழ். 1968இல் தொடங்கி, 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளைக் குறித்து அஞ்சலட்டை அனுப்புவார்கள்; வரிசையில் கீழே தங்கிவிட்ட தொடர் விரைவில் நிறுத்தப்படும். அங்கே மதிப்பெண் அபிப்பிராயம் அல்ல, கத்தி. நேர் எதிரில் 1964இல் கட்சுயிச்சி நாகாய் தொடங்கிய 'காரோ'. நம் சிறுபத்திரிகைகளின் தூரத்து உறவு என்றே அதைச் சொல்லலாம். ஸன்பெய் ஷிரடோவின் நெடுந்தொடருக்கு இடம் வேண்டித் தொடங்கியது. யோஷிஹரு த்ஸுகேயின் 'நெஜிஷிகி' 1968இல் அதில்தான் வந்தது: ரத்தநாளம் அறுந்த ஒருவன் வைத்தியரைத் தேடி ஒரு மீனவ ஊரில் அலையும், கனவின் தர்க்கம் மட்டுமே கொண்ட கதை. அஞ்சலட்டைப் பெரும்பான்மை அதற்கு ஒரு வாரமும் ஆயுள் கொடுத்திராது. ஒரு மனிதரின் ருசி, நஷ்டத்துக்கும் துணிந்து, பக்கங்களைக் கொடுத்தது.

ஆகவே ருசி என்பது விமர்சகன் வெட்கப்படவேண்டிய பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. க.நா.சு.வின் பட்டியல்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலின் கீழே ஓர் ஆள் நின்றார். அவரோடு சண்டை போட முடிந்தது. எண்ணோடு சண்டை போட முடியாது.

என் ருசிக்குக் கடினமான சோதனை கெய்ஜி நகஸாவாவின் 'வெறுங்கால் கென்'. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகஸாவாவுக்கு ஆறு வயது. தகப்பனாரையும் உடன்பிறந்தவர்களையும் அன்றே இழந்தார். 1973இல் இந்தத் தொடர் அதே 'ஷோனென் ஜம்ப்'பில்தான் ஆரம்பித்தது. பிறகு அங்கிருந்து வெளியேறி வேறு பத்திரிகைகளில் வளர்ந்தது. எனக்குப் பிடிக்காதவை எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லோரும் கத்துகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். கோட்டில் நயமில்லை. தோல் தொங்க நடந்துவரும் மனிதர்களையும் அதே முரட்டுக் கோடுதான் வரைகிறது. ஆனால் அங்கே நயம் வந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிகிறது. பிடிக்கவில்லை என்பதும் உண்மை, அது செய்திருக்கும் காரியம் பெரிது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதைக் குறைக்க எனக்கு உரிமையில்லை.

இது வெறும் ரசனைத் தகராறு அல்ல. 2012இல் மட்சுயே நகரக் கல்வி வாரியம் அதன் வன்முறைச் சித்திரங்களைக் காரணம் காட்டி, பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுக்கமுடியாத அலமாரிக்குள் அதை வைக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி 2013இல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே அதைத் தன் சமாதானக் கல்விப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. 'சகிக்கவில்லை' என்ற ஒருவரது உணர்வு 'தகுதியில்லை' என்ற தீர்ப்பாக வேஷம் மாறுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாமல் நடக்க எண் மிக வசதியான இடம்.

என் நியாயம் இவ்வளவுதான். எனக்குப் பிடித்ததா என்பதையும், படைப்பு என்ன செய்திருக்கிறது என்பதையும் தனித்தனியே எழுதுவேன். முதலாவதை ஒளிக்காமல் எழுதினால், படிக்கிறவர் இரண்டாவதிலிருந்து என்னைக் கழித்துக்கொள்ளலாம். நிதானத்தில் மயங்குகிற, கூச்சலைக் கண்டு ஒதுங்குகிற ஆள் சொல்கிறான் என்று தெரிந்தால், கென்னைப் பற்றி நான் சொல்வதன் எடை அவருக்குப் புரியும். ஏழரையிலிருந்து யாராலும் என்னைக் கழிக்க முடியாது.